நடுவிலிருந்து வெளியே: ஒரே குவாட், மூன்று பறத்தல் பாணி, மூன்று ரேட் அமைப்புகள்

என் 5 அங்குலக் குவாட் (நான்கு ப்ரொப்பெல்லர் கொண்ட ட்ரோன்) மூன்று வேலைகள் செய்கிறது. ஃப்ரீஸ்டைல் (வித்தைகள்) பறக்கிறது, ரேஸ் வாயில்களுக்குள் ஓடுகிறது, முதுகில் ஆக்‌ஷன் கேமராவைச் சுமந்து மெதுவாகப் படமும் எடுக்கிறது. மூன்றுக்கும் அதே மோட்டார், அதே ப்ரொப்பெல்லர், அதே ஃப்ளைட் கன்ட்ரோலர் (மோட்டார்களைக் கட்டுப்படுத்தும் மின்பலகை). மாறுவது எஃப்பிவி கேமராவின் (கண்ணில் மாட்டும் காகிள்ஸ் திரைக்குப் படம் அனுப்புவது) சாய்வும், ஸ்டிக்கை அசைத்தால் குவாட் எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்று சொல்லும் ரேட் எண்களும்தான். அந்த எண்களுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை விவரமாக எழுதி வைக்கிறேன். ஃப்ளைட் கன்ட்ரோலரில் ஓடும் மென்பொருள் பீட்டாஃப்ளைட் 4.5. 4.3 வைத்திருப்பவர்களுக்கும் கிட்டத்தட்ட எல்லாமே பொருந்தும்.

ரேட் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் முதலில் கேட்பது "உங்க மேக்ஸ் ரேட் எவ்வளவு?" என்பதைத்தான். ஸ்டிக்கைக் கடைசி வரை தள்ளினால் கிடைக்கும் வேகம் அது. ஆனால் பிளாக்பாக்ஸ் பதிவை (பறப்பின் தரவுகளைக் குவாட் சேமித்து வைப்பது) விரித்துப் பார்த்தால், பறக்கும் நேரத்தில் பெரும்பகுதி என் கட்டை விரல் நடுவிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள்தான் நிற்கிறது. ஃப்ளிப் (முன்பின்னாகப் புரள்வது), ரோல் (பக்கவாட்டில் புரள்வது) செய்யும் சில கணங்களில் மட்டுமே அது ஓரத்தைத் தொடுகிறது. அதனால் நான் நடுப்பகுதியை முதலில் முடிவு செய்துவிட்டு, ஓரத்தைப் பிறகு தொடுகிறேன். இந்தப் பதிவில் உள்ள எல்லா எண்களும் அந்த வரிசையில்தான் பிறந்தன.

வளைவைப் புரிந்துகொள்வது

ஆக்ரோ முறையில் (குவாட் தானாக மட்டத்துக்குத் திரும்பாத முறை) ஸ்டிக்கின் நிலை சாய்வுக் கோணத்தைச் சொல்வதில்லை, சுழலும் வேகத்தைச் சொல்கிறது. அலகு டிகிரி/நொடி. 360 டிகிரி/நொடி என்றால் ஒரு நொடியில் ஒரு முழுச் சுற்று. ஸ்டிக்கின் நிலைக்கும் இந்த வேகத்துக்கும் இடையில் இருக்கும் வளைவைத்தான் நாம் மாற்றுகிறோம்.

பீட்டாஃப்ளைட்டில் ரேட் வகைகள் பல உண்டு. நான் ஆக்சுவல் வகையில் இருக்கிறேன். 4.3 முதல் இயல்பாக வருவதும் அதுதான். பழைய பீட்டாஃப்ளைட் வகையில் ஆர்சி ரேட்டை ஏற்றினால் நடுவும் ஏறும், ஓரமும் ஏறும். சூப்பர் ரேட்டைத் தொட்டால் வளைவின் வடிவமே மாறும். எந்த எண் எதைச் செய்தது என்று விரலால் பிரித்தறிவது கடினம். ஆக்சுவலில் மூன்று எண்களும் தனித்தனி வேலை செய்கின்றன. சென்டர் சென்சிடிவிட்டி என்பது நடுவில் வளைவின் சரிவு. மேக்ஸ் ரேட் என்பது ஸ்டிக் கடைசியில் கிடைக்கும் வேகம். எக்ஸ்போ என்பது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பாதை எவ்வளவு நேரம் தாழ்வாக ஓடிவிட்டு மேலே ஏறுகிறது என்பது. பழைய வகையில் ஆர்சி ரேட் 1.0, சூப்பர் ரேட் 0.70, எக்ஸ்போ 0 வைத்துப் பழகியவர்களுக்கு ஆக்சுவலில் 200, 670, 0.54 (இனி எங்கும் சென்டர், மேக்ஸ், எக்ஸ்போ என்ற வரிசை) என்று போட்டால் ஏறக்குறைய அதே வளைவு கிடைக்கும். வகையை மாற்றும்போது பழைய எண்கள் தாமாகப் புதிய வகைக்கு மாறிக்கொள்ளாது. முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இயல்பாக வரும் எண்கள் 70, 670, எக்ஸ்போ 0. பத்தில் ஒரு பங்கு ஸ்டிக்குக்கு 13 டிகிரி/நொடி, பாதி ஸ்டிக்குக்கு 185. புதிதாகப் பறப்பவர் நடுவில் தடுமாறாமல் இருக்கவும், தேவைப்பட்டால் ஃப்ளிப் அடிக்கவும் இது வசதி. ஆனால் நடுவில் 70 ஆக இருக்கும் சரிவு, பாதி ஸ்டிக்கிலேயே 670 ஆகிவிடுகிறது. அதாவது விரல் அதே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும், இடத்தைப் பொறுத்துக் குவாட் கிட்டத்தட்ட பத்து மடங்கு வேறுபாட்டோடு பதில் சொல்கிறது. நிதானமாகப் பறக்கும் வரை இது தெரியாது. வாயில் ஒன்றுக்குள் வளைந்து நுழையும்போது பாதை திடீரென்று உள்ளே மடிவதில்தான் தெரியும்.

தொடங்கும் முன் சுத்தம் செய்தவை

ப்ரொப்பெல்லர்களைக் கழற்றிவிட்டேன். மேசையில் பேட்டரி இணைக்கும் எந்த வேலைக்கும் இது முதல் படி, விதிவிலக்கு கிடையாது. பிறகு சிஎல்ஐயில் (கட்டளை தட்டும் பக்கம்), மாற்றிய அமைப்புகளைக் காட்டும் டிஃப் ஆல் கட்டளை கொடுத்து, வந்த எழுத்தை முழுதாக ஒரு கோப்பில் சேமித்தேன்.

அடுத்தது ரேடியோ, அதாவது கையில் பிடிக்கும் ஸ்டிக் பெட்டி. பீட்டாஃப்ளைட்டின் ரிசீவர் பக்கத்தில் ஒவ்வொரு அச்சும் நடுவில் 1500, ஓரங்களில் 1000, 2000 காட்ட வேண்டும். எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருள் ஓடும் ரேடியோக்கள் இயல்பாக 988 முதல் 2012 வரை அனுப்பும். அவுட்புட் பக்கத்தில் எல்லைகளைக் கொஞ்சம் குறைத்துச் சரிசெய்தேன். மேக்ஸ் ரேட் என்று எழுதும் எண் உண்மையிலேயே ஸ்டிக்கின் கடைசிப் புள்ளியில் கிடைக்க இது வேண்டும்.

ரேடியோவுக்குள் எக்ஸ்போ, டூயல் ரேட் எதையும் வைக்கவில்லை. அங்கே ஒரு வளைவு, ஃப்ளைட் கன்ட்ரோலரில் ஒரு வளைவு என்று இரண்டு சேர்ந்தால், கன்ஃபிகரேட்டர் (பீட்டாஃப்ளைட்டைக் கணினியில் அமைக்கும் செயலி) திரையில் பார்க்கும் வரைபடம் பொய்யாகிவிடும். ஸ்டிக் நிலை நேர்க்கோடாக வந்து சேரட்டும், வளைவு ஒரே இடத்தில் இருக்கட்டும்.

கடைசியாக டெட்பேண்ட், அதாவது நடுவில் ஸ்டிக் அசைவைக் கண்டுகொள்ளாத சிறு பகுதி. ஸ்டிக்கைத் தொடாமல் விட்டுவிட்டு ரிசீவர் பக்கத்தில் எண்களைக் கவனித்தேன். வலப்பக்கம் தள்ளிவிட்டால் ஒரு எண்ணிலும், இடப்பக்கம் தள்ளிவிட்டால் இன்னொரு எண்ணிலும் வந்து நின்றது. வித்தியாசம் மிகச் சிறிது. சிறிது என்றாலும் கணக்கு இருக்கிறது. நடுவிலிருந்து 4 தள்ளி நின்றால், சென்டர் சென்சிடிவிட்டி 180 உள்ள வளைவில் அது 1.4 டிகிரி/நொடி. பத்து நொடியில் 14 டிகிரி சாய்வு. படப்பிடிப்பில் அடிவானம் மெல்ல மெல்லச் சரிவதற்கு இது போதும். ஸ்டிக் வந்து நிற்கும் விலகலை மூடும் அளவுக்கு மட்டும் டெட்பேண்ட் வைத்தேன். அதற்கு மேல் வைத்தால் நடுவில் ஒரு வெற்றிடம் விரலுக்குத் தெரியும். நடுவை முதலில் முடிவு செய்யும் முறைக்கே அது எதிரி.

ரேட் எண்கள் பிஐடியை (கேட்ட வேகத்தைக் குவாட் எட்டும்படி மோட்டார்களைத் திருத்தும் கணக்கு) மாற்றுவதில்லை. குவாட் தானாக நடுங்கினாலோ, மோட்டார் சூடானாலோ, அதை முதலில் தீர்த்துவிட்டு ரேட்டுக்கு வாருங்கள். நன்றாக டியூன் ஆகாத குவாட்டில் ரேட் தேடுவது வீண் வேலை.

நடுவை விரலால் அளப்பது

சென்டர் சென்சிடிவிட்டிக்கு இதுதான் சரியான எண் என்று ஒன்று கிடையாது. விரல், ஸ்டிக்கின் நீளம், ஸ்ப்ரிங்கின் இறுக்கம், பிடிக்கும் முறை எல்லாம் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. கட்டை விரல் நுனியை ஸ்டிக் மேல் வைத்துப் பறப்பவருக்கும், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளிப் பிடிப்பவருக்கும் ஒரே எண் பொருந்தாது. கிள்ளிப் பிடிப்பவர் பொதுவாக நீண்ட ஸ்டிக் வைப்பார். அவரால் மிகச் சின்ன அசைவையும் நிதானமாகச் செய்ய முடியும். ஆகவே அதிக சென்டரைத் தாங்குவார். நான் கட்டை விரல்காரன். ரேட்டைத் தொடும் முன் ஸ்டிக் நுனியின் உயரத்தையும் ஸ்ப்ரிங்கையும் முடிவு செய்து, திருகை இறுக்கிவிட்டேன். அவை மாறினால் எண்கள் எல்லாம் மறுபடி தொடக்கத்துக்குப் போகும்.

அளப்பதற்கு நான் பயன்படுத்தும் சோதனை எளிமையானது. திறந்த வெளியில், நேராக, நடுத்தர வேகத்தில், தூரத்தில் தெரியும் ஒரு மரத்தைக் குறிவைத்துப் பறப்பது. வழியில் ரோலில் மிகச் சின்னத் திருத்தங்கள் மட்டும் செய்வது. திருத்தம் ஒவ்வொன்றும் தேவைக்கு மேல் போய், அதைத் திருத்த எதிர்ப்பக்கம் இன்னொன்று தேவைப்பட்டால் சென்டர் அதிகம். விரல் நகர்ந்தபின் குவாட்டுக்காகக் காத்திருப்பது போலத் தோன்றினால் சென்டர் குறைவு. ஒரு நேரத்தில் 10 மட்டும் ஏற்றியோ இறக்கியோ பார்க்கிறேன். காகிள்ஸ் திரையில் ஸ்டிக் ஓவர்லேயை இயக்கி, ரெக்கார்டிங்கையும் ஓடவிட்டால், பிறகு உட்கார்ந்து விரல் எத்தனை முறை இடவலமாக ஆடியது என்று நிதானமாகப் பார்க்கலாம். பறக்கும்போது தோன்றும் உணர்வுக்கும் ரெக்கார்டிங்கில் தெரிவதற்கும் பலமுறை வித்தியாசம் இருந்தது. நான் ரெக்கார்டிங்கைத்தான் நம்புகிறேன்.

எண்ணை மாற்ற ஒவ்வொரு முறையும் கணினி தேவையில்லை. டிஸ்ஆர்ம் நிலையில் (மோட்டார்கள் பூட்டப்பட்டிருக்கும்போது), மோட் 2 ரேடியோவில் (மோட்டார் சக்தியைக் கூட்டும் த்ராட்டில் இடது ஸ்டிக்கில் இருப்பது), த்ராட்டில் பாதி, இடது ஸ்டிக் இடப்பக்கம், வலது ஸ்டிக் மேலே என்று பிடித்தால் காகிள்ஸுக்குள்ளேயே மெனு திறக்கும். ப்ரொஃபைல் பிரிவில் ரேட்டை மாற்றிச் சேமித்துவிட்டு அடுத்த பேட்டரியைப் பறக்கலாம். களத்திலேயே மாற்றிக் களத்திலேயே பறப்பதுதான் இந்த வேலையை ஒழுங்காக முடிக்க வைக்கிறது. வீட்டுக்குப் போய் மாற்றினால், மறுநாள் வரும்போது விரல் பழைய உணர்வை மறந்திருக்கும்.

என் கைக்கு ஃப்ரீஸ்டைலில் 180 நின்றது.

ஃப்ரீஸ்டைல், ரேஸ்

ஃப்ரீஸ்டைலில் ரோலும் பிட்சும் (மூக்கை மேலும் கீழும் சாய்க்கும் அச்சு) 180, 800, எக்ஸ்போ 0.50. மேக்ஸ் ரேட்டை முடிவு செய்த சோதனை அரை ரோல். குவாட்டைத் தலைகீழாகப் புரட்டி, சரியாக அடிவானத்துக்கு இணையாக நிறுத்துவது. 800 டிகிரி/நொடியில் முழுச் சுற்றுக்கு 0.45 நொடி ஆகும். வேகமெடுக்கவும் நிற்கவும் ஆகும் நேரம் தனி. 900-க்கு மேல் போனபோது நிறுத்தும் இடம் ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தது. 800-இல் நான் நினைத்த இடத்தில் நிறுத்த முடிகிறது. வேகமான ஃப்ளிப் பார்க்க அழகுதான். ஆனால் ஃப்ரீஸ்டைலில் எனக்குப் பிடித்தது குவாட் நிற்கும் நேர்த்தி.

ரேஸுக்கு 250, 600, எக்ஸ்போ 0.20. ரேஸ் என்றால் வேகம், ஆகவே மேக்ஸ் ரேட்டும் அதிகமாக இருக்க வேண்டும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். இரண்டு வளைவுகளையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 சதவீத ஸ்டிக்கில் ஃப்ரீஸ்டைல் 82 டிகிரி/நொடி, ரேஸ் 100. பாதி ஸ்டிக்கில் ஃப்ரீஸ்டைல் 172, ரேஸ் 196. மேக்ஸ் 600 உள்ள ரேஸ் வளைவுதான் விரல் அதிகம் இருக்கும் பகுதியில் வேகமானது. 80 சதவீதத்துக்குப் போனால்தான் ஃப்ரீஸ்டைல் 424-உம் ரேஸ் 398-உம் ஆகி நிலைமை மாறுகிறது. மேக்ஸ் எண்ணை மட்டும் பார்த்து ஒருவரின் ரேட்டை "வேகம்", "மெதுவு" என்று பிரிப்பது ஏன் உதவாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு என்னிடம் இல்லை.

ரேஸில் வளைவு நேர்க்கோட்டுக்கு அருகில் இருக்க வேண்டியதற்குக் காரணம், திருப்பங்கள் ஒவ்வொன்றும் ஸ்டிக்கின் வேறு வேறு ஆழத்தில் நடக்கின்றன. அகன்ற வளைவுக்கு 25 சதவீதம், கொடியைச் சுற்றும் கூர்மையான திருப்பத்துக்கு 60 சதவீதம். விரல் இரண்டு மடங்கு நகர்ந்தால் குவாட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு திரும்ப வேண்டும் என்று மூளை எதிர்பார்க்கிறது. எக்ஸ்போ அதிகமானால் அந்தக் கணக்கு உடைகிறது. ஃப்ரீஸ்டைலில் நிலைமை வேறு. அங்கே விரலுக்கு இரண்டு தனித்தனி மொழிகள் இருக்கின்றன: மெல்ல மிதப்பது, பிறகு ஒரேயடியாகத் தள்ளிப் புரட்டுவது. நடுவில் உள்ள பகுதியைக் கடந்து போகிறோமே தவிர அங்கே தங்குவது குறைவு. அதனால் 0.50 எக்ஸ்போவும், ஓரத்தில் செங்குத்தாக ஏறும் வளைவும் அங்கே இடைஞ்சல் தருவதில்லை.

ரேஸ் சென்டர் 250-ஐத் தாங்க நல்ல கிம்பலும் (ஸ்டிக் பொருந்தியிருக்கும் அமைப்பு) சீரான லிங்க்கும் (ரேடியோவுக்கும் குவாட்டுக்கும் உள்ள இணைப்பு) வேண்டும். நான் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் 250 ஹெர்ட்ஸில் பறக்கிறேன். கிம்பலில் நடுக்கம் இருந்தால் முதலில் அது தெரிவது இந்த ப்ரொஃபைலில்தான்.

கேமராச் சாய்வும் யா அச்சும்

ரேட் பற்றிய பேச்சில் கேமராவின் சாய்வு ஏன் இவ்வளவு குறைவாக வருகிறது என்று எனக்கு வியப்பு. மூக்கை இடவலமாகத் திருப்பும் யா அச்சு குவாட்டின் உடலோடு ஒட்டியது, பூமியோடு ஒட்டியதல்ல. குவாட் முன்னால் சாய்ந்து பறக்கும்போது அந்த அச்சும் சாய்ந்துவிடுகிறது. அப்போது யாவை மட்டும் கொடுத்தால் படம் திரும்புவதோடு கோணலாகவும் சரியும். அடிவானம் மட்டமாக இருக்கும்படி திரும்ப, யாவோடு ரோலும் குறிப்பிட்ட விகிதத்தில் சேர வேண்டும்.

கேமரா மேல்நோக்கிச் சாய்ந்த அளவுக்கே குவாட் முன்னால் சாய்ந்து பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 100 டிகிரி வேகத்தில் மட்டமாகத் திரும்ப வேண்டும். சாய்வு 15 டிகிரி என்றால் யா 97, ரோல் 26 வேண்டும். 30 டிகிரி என்றால் யா 87, ரோல் 50. 45 டிகிரியில் இரண்டும் 71. அதற்கும் மேல் போனால் ரோல் யாவை முந்திவிடும்.

என் ரேஸ் சாய்வு 45 டிகிரி. ஆகவே யாவின் சென்டரையும் ரோலின் சென்டரையும் சமமாக 250 வைத்தேன். யா 250, 500, எக்ஸ்போ 0.20. இதன் பலன் முதல் திருப்பத்திலேயே தெரிந்தது. இரண்டு கட்டை விரல்களும் சமமான தூரம் நகர்ந்தால் திருப்பம் மட்டமாக விழுகிறது. விரல்களுக்கு நினைவில் வைத்துக்கொள்ள ஒரே ஒரு விகிதம்தான், அதுவும் ஒன்றுக்கு ஒன்று. ஃப்ரீஸ்டைலில் சாய்வு 30 டிகிரி. அங்கே யா 180, 600, எக்ஸ்போ 0.40. யா விரல் கொஞ்சம் அதிகமாகப் போக வேண்டியிருக்கிறது. அது சீக்கிரம் பழகிவிட்டது.

யாவின் மேக்ஸ் ரேட்டை ரோல் அளவுக்கு ஏற்ற நான் முயல்வதில்லை. ரோலும் பிட்சும் ப்ரொப்பெல்லர்களின் தள்ளுவிசை வித்தியாசத்தால் நடக்கின்றன. யா நடப்பது மோட்டார்களின் எதிர்முறுக்கால். அந்த விசை ஒப்பீட்டில் சிறியது. பெரிய எண்ணை எழுதினாலும் குவாட் அந்த வேகத்தை எட்ட நேரம் எடுக்கும், நிற்கவும் நேரம் எடுக்கும்.

படப்பிடிப்பு ப்ரொஃபைல்

இதற்குத்தான் அதிக நேரம் செலவானது. ஃப்ரீஸ்டைல் வளைவை அப்படியே எடுத்து மேக்ஸை மட்டும் குறைத்தால் போதும் என்ற யோசனை பரவலாக இருக்கிறது. மேக்ஸ் குறைந்தாலும் நடுவில் 180 அப்படியே இருக்கும். விரலின் சின்ன அதிர்வு படத்தில் அப்படியே பதியும். இங்கே நடுவையே இறக்க வேண்டும். ரோலும் பிட்சும் 70, 350, எக்ஸ்போ 0.30. பத்தில் ஒரு பங்கு ஸ்டிக்குக்கு 9 டிகிரி/நொடி, பாதி ஸ்டிக்குக்கு 85. அவசரத்தில் குவாட்டைக் காப்பாற்ற 350 போதுமா என்ற கேள்வி வரும். மெதுவாகப் பறக்கும் வேகத்தில் எனக்குப் போதுமாக இருந்தது. 250-க்கு இறக்கிப் பார்த்தபோது, காற்று அடித்துத் தள்ளும் நாளில் மனம் ஒப்பவில்லை.

கேமராச் சாய்வு 15 டிகிரி என்பதால், மேலே சொன்ன கணக்குப்படி படத்தைத் திருப்பும் வேலை கிட்டத்தட்ட முழுவதும் யாவின் மேல் விழுகிறது. ஆகவே இந்த ப்ரொஃபைலில் நான் மிக அதிகமாகக் கவனித்த அச்சு யா: 60, 220, எக்ஸ்போ 0.30. 20 சதவீத ஸ்டிக்கில் 16 டிகிரி/நொடிக்குச் சற்று மேல். 90 டிகிரி திரும்ப ஐந்தரை நொடி. 30 சதவீதத்தில் 28 டிகிரி/நொடி, அதே திருப்பம் மூன்று நொடிக்குச் சற்று மேல். நான் எடுக்கும் பக்கவாட்டுத் திருப்பங்கள் எல்லாம் இந்த இரண்டுக்கும் இடையில் வருகின்றன. விரல் ஒரு வசதியான ஆழத்தில் ஊன்றி நிற்க இடம் கிடைக்கிறது. 180 சென்டரில் இதே 16 டிகிரி/நொடி வேகத்துக்கு விரல் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாண்டக் கூடாது. அந்த ஆழத்தில் ஐந்து நொடி நடுங்காமல் நிறுத்திப் பிடிக்க என் கையால் முடியாது.

ஜைரோஃப்ளோ போன்ற மென்பொருளில் பிறகு படத்தைச் சீராக்கிக்கொள்ளலாமே என்றால், சின்ன நடுக்கத்தை அது அருமையாக எடுத்துவிடும். ஆனால் வெட்டித் தொடங்கி வெட்டி நிற்கும் திருப்பத்தை மென்மையாக்க அது படத்தின் ஓரங்களைத் தின்ன வேண்டியிருக்கிறது. மூலத்திலேயே திருப்பம் மெல்லத் தொடங்கி மெல்ல முடிந்தால், மென்பொருளுக்கு வேலையும் குறைவு, படத்தின் பரப்பும் மிஞ்சும்.

ஃபீட்ஃபார்வர்டும் ஸ்மூத்திங்கும்

ரேட் வளைவு மட்டும் மாறினால் ஸ்டிக்கின் பதில் முழுதாக மாறிவிடாது. ஃபீட்ஃபார்வர்ட் என்பது ஸ்டிக் நகரும் வேகத்தைப் பார்த்து, பிழை உருவாகும் முன்பே மோட்டார்களுக்குத் தள்ளு கொடுக்கும் பகுதி. ரேஸில் இது பெரிய வரம். படப்பிடிப்பில் அதே தள்ளு ஒவ்வொரு திருப்பத்தின் தொடக்கத்திலும் ஒரு சின்ன உதறலாகப் பதியும். இது பிஐடி ப்ரொஃபைலில் இருக்கிறது. ரேட் ப்ரொஃபைலை மாற்றினால் கூடவே மாறாது. அதனால் படப்பிடிப்புக்கு ஒரு தனி பிஐடி ப்ரொஃபைல் எடுத்து, அங்கே ஃபீட்ஃபார்வர்டைக் குறைத்து, ஸ்டிக் நடுக்கத்தை வடிகட்டும் ஜிட்டர் ரிடக்‌ஷனை ஏற்றி, ட்ரான்சிஷனையும் கொடுத்தேன். ட்ரான்சிஷன் கொடுத்தால் ஸ்டிக் நடுவுக்கு அருகில் இருக்கும்போது ஃபீட்ஃபார்வர்ட் மெலிந்து, வெளியே போகப் போக முழுதாகிறது. ரேஸ் ப்ரொஃபைலில் ட்ரான்சிஷன் 0.

ஸ்டிக் சிக்னலை மென்மையாக்கும் ஆர்சி ஸ்மூத்திங்கின் ஆட்டோ ஃபேக்டர் இயல்பாக 30. இது எந்த ப்ரொஃபைலுக்குள்ளும் அடங்காமல் குவாட் முழுமைக்கும் பொதுவாக இருக்கிறது. ஏற்றினால் மென்மை கூடும், தாமதமும் கூடும். ஒரே குவாட்டில் ரேஸும் ஓட வேண்டும் என்பதால் 30-இலேயே விட்டேன். படப்பிடிப்புக்கென்று தனிக் குவாட் வைத்திருப்பவர் தயங்காமல் 60 பக்கம் முயன்று பார்க்கலாம்.

ஃப்ரீஸ்டைலில் ரோல் முடிந்து நிற்கும்போது குவாட் எதிர்ப்பக்கம் ஒரு சின்ன ஆட்டம் போட்டது. இதைப் பார்த்தவுடன் பிஐடியின் டி மதிப்பை ஏற்றத் தோன்றும். நான் முதலில் பிளாக்பாக்ஸைத் திறந்து, செட்பாயிண்ட் கோட்டையும் (கேட்ட வேகம்) ஜைரோ கோட்டையும் (உண்மையில் சுழன்ற வேகம்) ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். செட்பாயிண்ட் சுத்தமாக நின்று ஜைரோ மட்டும் தாண்டிப் போயிருந்தால் அது பிஐடியின் வேலை. என் பதிவில் செட்பாயிண்ட்டே பூஜ்யத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தது. அதாவது ஸ்ப்ரிங்கின் இழுப்பில் ஸ்டிக் நடுவைத் தாண்டிப் போய் வந்திருக்கிறது, குவாட் அதற்குக் கீழ்ப்படிந்திருக்கிறது, ஃபீட்ஃபார்வர்ட் அதைப் பெரிதாக்கியும் இருக்கிறது. ஸ்ப்ரிங்கைக் கால் திருகு தளர்த்தி, ஃபீட்ஃபார்வர்ட் பூஸ்டைக் கொஞ்சம் இறக்கி, விரலை ஸ்டிக்கிலிருந்து எடுக்காமல் நடுவுக்குக் கூட்டி வரப் பழகியதும் ஆட்டம் போய்விட்டது. டியைத் தொடவேயில்லை, மோட்டார்களும் குளிர்ச்சியாகவே இறங்குகின்றன.

த்ராட்டில்

ஃப்ரீஸ்டைல், ரேஸ் இரண்டிலும் த்ராட்டிலை நேர்க்கோடாக விட்டேன். படப்பிடிப்பில் மட்டும் த்ராட்டில் லிமிட்டை ஸ்கேல் முறையில் 75 சதவீதம் வைத்தேன். கிளிப் முறை மேலே வெட்டிவிடும், கீழே எதுவும் மாறாது. ஸ்கேல் முறை முழு ஸ்டிக் தூரத்தையும் குறைந்த சக்திக்குள் பரப்புவதால், உயரத்தைப் பிடித்து வைக்க விரலுக்கு அதிக இடம் கிடைக்கிறது. அதன்பின் ஆக்‌ஷன் கேமராவோடு மிதக்கவிட்டு, ஸ்டிக் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அந்தப் புள்ளியை த்ராட்டில் மிட் ஆக எழுதி, எக்ஸ்போ 0.30 கொடுத்தேன். வளைவு தட்டையாகும் இடம் மிதக்கும் புள்ளியோடு பொருந்தினால்தான் இதற்குப் பயன். வரிசையும் முக்கியம்: ஸ்கேல் மாறினால் மிதக்கும் புள்ளி நகரும், ஆகவே மிட் கடைசியில். கேமராவைக் கழற்றிவிட்டு அளக்காதீர்கள். எடை மாறினால் புள்ளியும் மாறும்.

ப்ரொஃபைல் மாற்றும் சுவிட்ச்

அட்ஜஸ்ட்மென்ட்ஸ் பக்கத்தில் மூன்று நிலைச் சுவிட்ச் ஒன்றை ரேட் ப்ரொஃபைல் தேர்வுக்கு இணைத்தேன். ஒவ்வொரு ரேட் ப்ரொஃபைலுக்கும் எட்டு எழுத்துக்குள் ஒரு பெயர் கொடுத்து, அது காகிள்ஸ் திரையில் எப்போதும் தெரியும்படி வைத்தேன். ஆர்ம் செய்யும் முன் கண் அங்கே ஒருமுறை போய் வரும்.

பறக்கும்போதே மாற்றலாம். ஆனால் ஸ்டிக் நடுவில் இருக்கும்போது மட்டும். பாதி ஸ்டிக்கில் இருக்கும்போது படப்பிடிப்பிலிருந்து ஃப்ரீஸ்டைலுக்கு மாற்றினால், கேட்கப்படும் வேகம் அந்த நொடியிலேயே 85-இலிருந்து 172 ஆகத் தாவும். நான் உயரத்தில், நேராகப் பறந்துகொண்டிருக்கும்போது மட்டும் மாற்றுகிறேன். பிஐடி ப்ரொஃபைலை இறங்கி, டிஸ்ஆர்ம் செய்தபின் மெனுவில் மாற்றுகிறேன். கேமராவின் சாய்வை எப்படியும் கையால்தான் மாற்ற வேண்டும் என்பதால் இது தனி வேலையாகத் தெரிவதில்லை. ஃப்ரேமின் பக்கவாட்டில் 15, 30, 45 டிகிரிக்கு மூன்று கோடுகள் போட்டு வைத்திருக்கிறேன். சாய்வு ஐந்து டிகிரி தவறினாலும் ரேஸின் ஒன்றுக்கு ஒன்று விகிதம் விரலுக்குப் பிசகுகிறது.

புது எண்களை முதலில் சிமுலேட்டரில் பழகுவது நல்லது. வெலோசிட்ரோன், லிஃப்ட்ஆஃப் இரண்டிலும் பீட்டாஃப்ளைட் ரேட்களைக் கொடுக்கலாம். அங்கே கேமராச் சாய்வையும் உண்மையில் இருப்பது போலவே வையுங்கள். வளைவு விரலுக்குப் பழகும், யா–ரோல் விகிதமும் பழகும். காற்றும் எடையும் வேறு மாதிரி இருக்கும் என்பதால் மேக்ஸ் ரேட்டை அங்கே முடிவு செய்வதில்லை; சென்டரை மட்டும் அங்கிருந்து நம்பிக்கையோடு எடுத்து வருகிறேன்.

இப்போது மீதி இருப்பது ரேஸ் ப்ரொஃபைலின் பிட்ச். செங்குத்தாகக் கீழே விழும் வாயில்களில் மூக்கை மேலே இழுக்கும்போது 600 கொஞ்சம் அதிகமாகத் தோன்றுகிறது. சென்டரை 250-இலேயே வைத்துக்கொண்டு, மேக்ஸை மட்டும் 50 இறக்கி, அடுத்த சில பேட்டரிகளை அந்த ஒரு வாயிலிலேயே பறக்கப் போகிறேன்.